டிக் டிக் என்கிற டிஸ்க்கை இனி ஒருமுறைதான் படிக்கலாம்

கேள்வி: தம்பி, பர்மாவில், பெகுவில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் காலமான பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் தமிழிலும் பர்மியிலும் அடித்துக் கொடுக்கிறோம். 2005இல் வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டர், விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி டிஸ்க். வேலை முழுக்க, பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில்தான். இரண்டு மாதமாக, ஆன் செய்தால் டெஸ்க்டாப் வர கால் மணி நேரம் ஆகிறது. உள்ளே டிக், டிக் என்று சத்தம். தெருப் பையன் ஒருவன் டிஸ்க்கைச் சோதிக்கிற செக்டிஸ்க் ஓட்டினான், பாதியில் கரண்ட் போய்விட்டது. அதற்கப்புறம் பழைய பத்திரிகைகள் சிலவற்றைக் காணோம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்கிறார் இன்னொருவர். என் அண்ணன் மகன் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்தவன். "அத்தை, புது டிஸ்க் வாங்கிக் காப்பி பண்ணிடலாம்" என்கிறான். எந்த டிஸ்க் வாங்குவது? காப்பி பண்ணினால் பேஜ்மேக்கர் அப்படியே ஓடுமா? சிடி எதுவும் கையில் இல்லை.

பதில்: அக்கா, இதைப் படிக்கிற நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் போய் அணைத்துவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

அணைத்தாயிற்றா? சரி. ஆன் செய்து டெஸ்க்டாப் வருகிற அந்தக் கால் மணி நேரத்தில் எக்ஸ்பி சும்மா இருப்பதில்லை. தன் பதிவேட்டை எழுதுகிறது, மெமரி போதாமல் டிஸ்க்கிலேயே தற்காலிகமாக எதையோ எழுதி அழிக்கிறது, படிக்க முடியாத ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கிறது. நீங்கள் ஒரு பத்திரிகையைத் திறப்பதற்கு முன்னாலேயே டிஸ்க் ஆயிரக்கணக்கான தடவை ஓடியாடி முடித்துவிடுகிறது. நன்றாக இருக்கிற டிஸ்க்குக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் டிஸ்க்குக்கு இனி எத்தனை ஓட்டம் பாக்கி என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மிச்சமிருக்கிற ஓட்டத்தை ஒரே காரியத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும்: முழுசாக ஒருமுறை படித்து வேறு இடத்தில் இறக்கி வைப்பது. தேடுவது, திருத்துவது, பழுது பார்ப்பது எல்லாம் அந்தப் பிரதியின் மேல் நடக்கட்டும்.

ஃப்ரீசர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். வேண்டாம். அந்தக் காலத்துச் சில டிஸ்க்குகளில், ஒரு குறிப்பிட்ட வகைப் பழுதுக்கு, அது எப்போதாவது கைகொடுத்திருக்கலாம். நம் ஊர்க் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளர் எப்படி வியர்க்கிறது என்று பார்த்திருப்பீர்கள். டிஸ்க்கின் உள்ளே தட்டுக்கும் அதைப் படிக்கிற தலைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அங்கே ஒரு துளி ஈரம் படிந்தால் தட்டையே உழுதுவிடும். மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று யாராவது ஸ்க்ரூ டிரைவரோடு வந்தாலும் இதே பதில்தான்.

செக்டிஸ்க் ஓட்டிய பையனைத் திட்டவேண்டாம். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். செக்டிஸ்க் என்பது கோப்புகளைக் காப்பாற்றுகிற கருவி இல்லை. டிஸ்க்கின் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஒரு வரி படிக்க முடியவில்லை என்றால் அந்த வரியைக் கிழித்துப் போட்டுக் கணக்கை நேர் செய்துவிடும். தேய்ந்துகொண்டிருக்கிற டிஸ்க்கில் படிக்க முடியாத வரிகள் ஏராளம். அத்தனையையும் அது கிழிக்கப் பார்க்கும். காணாமல் போன பத்திரிகைகள் முழுக்க அழிந்திருக்காது என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. சி டிரைவின் முகப்பில், மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டராக, ஃபவுண்ட் என்ற பெயரும் மூன்று சைபரும் சேர்ந்து ஒன்று இருக்கலாம். செக்டிஸ்க் கிழித்த தாள்களை அதில்தான் போட்டு வைக்கும். பெயரெல்லாம் போய் வெறும் எண்ணோடு கிடக்கும். இதையும் பிரதி எடுத்த பிறகு பிரதியில்தான் தேடவேண்டும், இப்போது இல்லை.

இப்போது உங்கள் மருமகன் சொன்ன "காப்பி பண்ணிடலாம்" என்ற சொல்லுக்கு வருவோம். அதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. மை டாக்குமெண்ட்ஸைத் திறந்து ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போடுவது ஒன்று. டிஸ்க்கின் சின்னஞ்சிறு கட்டத்துக்கு செக்டர் என்று பெயர், அதில் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல், அப்படியே பெயர்த்து எடுப்பது இன்னொன்று. நாலு போட்டோவும் பாட்டும் வைத்திருக்கிற வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் முதல் வழியே போதும், புது மெஷினில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் கதை வேறு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்ததே 2001இல். சிடியும் கையில் இல்லை என்கிறீர்கள். பர்மி எழுத்துக்கு வின் இன்வாவோ ஸோஜியோ, தமிழுக்கு யூனிகோடு என்கிற பொது எழுத்து முறைக்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துரு, அதற்கென்று ஒரு கீபோர்டு மென்பொருள், பிரிண்டரின் பழைய டிரைவர் என்று எல்லாம் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்து அமைத்த மெஷின் அது. ஃபைலை மட்டும் எடுத்தால் கூடை கிடைக்கும், பூ உதிர்ந்திருக்கும். உங்களுக்கு இரண்டாவது வழிதான், அக்கா.

அதற்கு முன் கையிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது. உங்கள் டிஸ்க் ஐடிஇ என்கிற பழைய இணைப்பு வகை என்று நினைக்கிறேன். கையகல நாடா போன்ற தட்டை ஒயர் போகிறதா பாருங்கள். அந்த ஒயர் நாள்பட்டு மடிந்து கெட்டுப்போனாலும் கம்ப்யூட்டர் ஆமையாகிவிடும். எக்ஸ்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. டிஸ்க்கோடு பேசும்போது ஆறு தடவை பிழை வந்தால், வேகமான முறையைக் கைவிட்டு பியோ என்ற பழைய நத்தை முறைக்கு இறங்கிவிடும். பிறகு ஒயரை மாற்றினாலும் தானாக மேலே ஏறாது. என் கடைக்கு "டிஸ்க் போச்சு" என்று வந்த மெஷின்களில் சிலவற்றுக்குப் புது ஒயர் மட்டும்தான் தேவைப்பட்டது. ஆகையால் எண்பது இழை உள்ள ஒரு நல்ல ஒயரை முதலில் மாற்றிவிடுங்கள்.

கூடவே டார்ச் அடித்து மதர்போர்டைப் பாருங்கள். சின்ன உருளை உருளையாக நிற்கிற கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ போர்டுக்குள் கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம். 2000க்குப் பிறகு சில வருஷம் வந்த போர்டுகளில் இது பெரிய தலைவலியாக இருந்தது. பவர் சப்ளையும் அப்படித்தான். ஜெனரேட்டரிலும் இன்வெர்ட்டரிலும் மாறி மாறி இருபது வருஷம் ஓடிய பெட்டி அது. பன்னிரண்டு வோல்ட் இறங்கினால் நல்ல டிஸ்க்கே டிக் டிக் என்று முனகும். இந்தப் பெட்டியை மாற்றாமல் புது டிஸ்க்கைக் கொண்டுபோய் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். ஒயர், கெபாசிட்டர், பவர் சப்ளை மூன்றும் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் குற்றம் டிஸ்க்கின் மேல்தான். சத்தம் விட்டு விட்டு வருகிறவரை நம்பிக்கை இருக்கிறது. ஆன் செய்த நொடியிலிருந்து நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தாலோ, ஆன் செய்ததும் முதலில் வருகிற பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயரே வராவிட்டாலோ, இதற்குக் கீழே நான் எழுதுகிற எதையும் செய்யாதீர்கள். அது சென்னை, பாங்காக், சிங்கப்பூர் மாதிரி இடங்களில் சுத்த அறை வைத்திருப்பவர்கள் செய்கிற வேலை. செலவும் அதற்கேற்ப இருக்கும்.

என்ன வாங்குவது? இரண்டு பொருள். 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, அதாவது ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா இணைப்பு உள்ள, சுற்றுகிற தட்டு இல்லாத டிஸ்க். யூஎஸ்பியில் மாட்டுகிற வெளி டிஸ்க் ஒன்று, 500 ஜிபி இருந்தால் தாராளம். கூடவே, சாட்டாவை ஐடிஇ ஆக்குகிற கட்டைவிரல் அளவு சர்க்யூட் ஒன்றும், சாட்டாவை யூஎஸ்பி ஆக்குகிற ஒயர் ஒன்றும். இரண்டும் மலிவுதான். புதிய ஐடிஇ டிஸ்க் இப்போது யாரும் செய்வதில்லை. "புதுசு" என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு யாராவது நீட்டினால் அது யாரோ கழற்றிப் போட்டதுதான். இரண்டாம் கை 80 ஜிபி டிஸ்க் இன்னும் ஒரு தொல்லை தரும். இரண்டு கம்பெனியின் 80 ஜிபியும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதில்லை. பரவலாக இருக்கும் கணக்கு 15,63,01,488 செக்டர். வாங்குகிற டிஸ்க்கில் ஒரு செக்டர் குறைந்தாலும் முழுப் பிரதி அதில் உட்காராது.

ஏன் 120, மலிவாகக் கிடைக்கிற 480 வாங்கக்கூடாதா என்று மருமகன் கேட்பான். பழைய மெஷின்களுக்கு 137 ஜிபியில் ஒரு சுவர் இருக்கிறது. செக்டருக்கு நம்பர் போட 28 பிட்டுகள்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு மேல் எண்ணத் தெரியாது. எக்ஸ்பி முதலில் வந்தபோது இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நின்றது. முதல் சர்வீஸ் பேக்கில்தான் தாண்டக் கற்றுக்கொண்டது. உங்கள் மெஷின் 2005 என்பதால் பயாஸ் அநேகமாகத் தாண்டிவிடும். ஆனால் "அநேகமாக" என்ற சொல்லின் மேல் உங்கள் பிழைப்பை வைக்க எனக்கு மனசில்லை. தாண்டத் தெரியாத மெஷினில் பெரிய டிஸ்க்கைப் போட்டால் ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடும். 137ஐத் தாண்டி எழுதுகிற அன்றைக்கு, சுற்றி வந்து டிஸ்க்கின் தலையிலேயே எழுதிவிடும். 120 வாங்கினால் இந்தப் பேச்சே இல்லை. 80 ஜிபியை அதில் இறக்கிவிட்டு மிச்ச 40ஐப் பிரிக்காமல், ஃபார்மட் செய்யாமல் வெறுமனே விட்டுவிடுங்கள். எஸ்எஸ்டிக்கு எந்த இடம் காலி என்று சொல்கிற ட்ரிம் வசதி எக்ஸ்பியில் கிடையாது. அந்த வெற்று 40 ஜிபி அது மூச்சுவிட உதவும்.

வேலை எப்படி? எக்ஸ்பியை எழுப்பாமல்தான் செய்யவேண்டும். க்ளோன்சில்லா என்று ஒரு லினக்ஸ் சிடி இலவசமாகக் கிடைக்கிறது. அதன் 32 பிட் வடிவத்தை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி சிடியில் எழுதிக்கொள்ளட்டும். அதன் மெனுவில் வரும் க்ளோன் வேலைகளுக்குள் போகவேண்டாம், அவை ஆரோக்கியமான டிஸ்க்குக்கு. கட்டளை அடிக்கிற கறுப்புத் திரைக்குப் போய் டிடிரெஸ்க்யூ என்ற கருவியை அழைக்கவேண்டும். கிட்டத்தட்ட இதே பெயரில், நடுவில் ஒரு கீழ்க்கோடு போட்டு, வேறொருவர் எழுதிய இன்னொரு கருவியும் உண்டு. நான் சொல்வது குனு திட்டத்தைச் சேர்ந்தது.

சாதாரணக் காப்பிக் கருவிகள் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். டிடிரெஸ்க்யூ அப்படியில்லை. வெள்ளத்தில் வீடு போனவள் முதலில் கைக்கு எட்டுகிற குழந்தையைத் தூக்குவாள், நகைப் பெட்டியைத் தேடி அலமாரியை உடைக்கமாட்டாள், அல்லவா? அதே மாதிரி, எளிதாகப் படிக்கிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடம் வந்தால் ஒரு தாவு தாவி அந்தப் பக்கம் போய்விடும். எது கிடைத்தது, எது விட்டுப்போனது என்று ஒரு சின்ன ஃபைலில் குறித்துக்கொண்டே வரும். அதை மேப் ஃபைல் என்பார்கள். நல்ல பகுதி எல்லாம் கரையேறிய பிறகுதான் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களைச் சுரண்டும்.

நம் ஊருக்கு இந்த மேப் ஃபைல்தான் உயிர். கரண்ட் முறை வைத்து வருகிற ஊரில், பல மணி நேரம் ஓடவேண்டிய காப்பி பாதியில் அறுந்தால் சாதாரணக் கருவிகளில் பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்கவேண்டும். இதில், கரண்ட் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரே நிபந்தனை: மேப் ஃபைலை வெளி டிஸ்க்கில் வைக்கவேண்டும். சிடியிலிருந்து ஓடுகிற லினக்ஸ் தன் சொந்த ஃபைல்களையெல்லாம் மெமரியில்தான் வைத்திருக்கும், கரண்ட் போனால் அதுவும் போகும். இருந்தாலும் கரண்ட் போய்ப் போய் வருவது கெட்ட டிஸ்க்குக்கு நல்லதில்லை. நின்ற தட்டு மறுபடி சுற்றத் தொடங்கும் நேரம்தான் அதற்கு மிகவும் ஆபத்தான நேரம். முதல் ஓட்டத்துக்கு மட்டுமாவது பேட்டரி நிறைந்த இன்வெர்ட்டரோ, பக்கத்து வீட்டு ஜெனரேட்டரோ ஏற்பாடு செய்யுங்கள். மானிட்டரை அணைத்து வைத்தால் பேட்டரி இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

கெட்ட டிஸ்க் இருக்கிற இடத்திலேயே, ஐடிஇ ஒயரிலேயே இருக்கட்டும். அதைக் கழற்றி யூஎஸ்பி ஒயரில் மாட்டாதீர்கள். கெட்ட செக்டரில் டிஸ்க் திணறும்போது நடுவில் இருக்கிற யூஎஸ்பி சர்க்யூட் பொறுமையிழந்து தொடர்பை அறுத்துவிடும். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராக வையுங்கள். வெளி டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டலாம், அது நல்ல டிஸ்க் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் அது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். ஃபேட் 32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. உங்களுக்கு ஏறவேண்டியதோ 80 ஜிபி உள்ள ஒரே ஃபைல்.

ஆமாம், ஒரே ஃபைல். நேராக எஸ்எஸ்டிக்கு எழுதாமல், முதலில் வெளி டிஸ்க்கில், டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஓர் இமேஜ் ஃபைலாக இறக்கச் சொல்கிறேன். காரணம் என் சொந்த அனுபவம். 2009இல் ஒரு நகைக்கடையின் அடகுக் கணக்கு இருந்த டிஸ்க்கைப் புதியதற்கு மாற்றினேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. திரையில் ஒன்றுக்கு எஸ்டிஏ, இன்னொன்றுக்கு எஸ்டிபி என்று பெயர். ராத்திரி பத்து மணி, ஜெனரேட்டர் சத்தம், தூக்கக் கலக்கம். மாற்றிப் போட்டுவிட்டேன். வெற்று டிஸ்க்கை அழகாக, ஒரு செக்டர் விடாமல், கணக்கு இருந்த டிஸ்க்கின் மேல் எழுதி முடித்தேன். கடைக்காரர் ஒரு சொல் சொல்லவில்லை. பழைய சீட்டுக் கட்டுகளைத் தூக்கி என் மேஜையில் வைத்தார். மூன்று வாரம் உட்கார்ந்து நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து கெட்ட டிஸ்க்கில் சிவப்பு டேப், புதியதில் பச்சை டேப். டேப்பின் மேல் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்து. கட்டளை கொடுக்குமுன் திரையில் தெரிகிற சீரியலோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படிப்பேன். கடையில் பையன்கள் சிரிப்பார்கள்.

இமேஜ் ஃபைல் வழியில் இந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. டிடிரெஸ்க்யூ, எஃப் என்ற எழுத்தைச் சேர்த்துக் கட்டாயப்படுத்தினால் ஒழிய, ஒரு டிஸ்க்கின் மேல் எழுத மறுத்துவிடும். ஃபைலில் எழுத அந்த எழுத்து தேவையில்லை. எனவே மருமகனிடம் சொல்லுங்கள்: முதல் கட்டத்தில் எஃப் என்ற எழுத்தைத் தொடவே கூடாது. கட்டளையின் வரிசை: முதலில் சிவப்பு டேப் டிஸ்க், அடுத்து இமேஜ் ஃபைல், கடைசியில் மேப் ஃபைல். முதல் ஓட்டத்தில் "என்" (n) என்ற சின்ன ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் சுரண்டுகிற வேலையைத் தள்ளிவைத்துவிடும். அது முடிந்த பிறகு, அந்த எழுத்தை எடுத்துவிட்டு, ஆர் என்ற சின்ன எழுத்தோடு 3 சேர்த்து மறுபடி ஓட்டினால், விட்டுப்போன இடங்களை மூன்று தடவை முயன்று பார்க்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல டிஸ்க் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. உங்களுடையது ஒரு ராத்திரியும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். வேகம் குறைகிறதே என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டாம்.

இமேஜ் கிடைத்துவிட்டால் அவசரம் தீர்ந்தது. கெட்ட டிஸ்க்கைக் கழற்றி டேப்போடு பத்திரமாக வையுங்கள். இமேஜை அப்படியே எஸ்எஸ்டியில் எழுதவேண்டும், இந்தக் கட்டத்தில்தான் எஃப் வரும். எஸ்எஸ்டியை யூஎஸ்பி ஒயரில் மாட்டி மருமகனின் லேப்டாப்பில்கூட, அதே சிடியின் புதிய வடிவத்தைக் கொண்டு செய்யலாம். பிறகு எஸ்எஸ்டியை அந்தச் சின்ன சர்க்யூட்டில் செருகி, பழைய டிஸ்க் இருந்த அதே ஐடிஇ ஒயரில் மாட்டுங்கள். சர்க்யூட்டில் ஜம்பர் என்கிற சின்னச் செருகி இருந்தால் மாஸ்டர் என்ற இடத்தில் இருக்கட்டும். உங்கள் போர்டிலேயே சாட்டா துளைகள் இருக்கலாம், அந்த வருஷத்துப் போர்டுகளில் உண்டு. ஆனால் அதில் நேராக மாட்டினால், சாட்டா கன்ட்ரோலரை எக்ஸ்பி இதுவரை பார்த்திராததால், நீலத் திரையில் 7பி என்ற பிழையைக் காட்டி நின்றுவிடக்கூடும். அந்தக் காலத்துச் சில போர்டுகள் இந்தக் காலத்து எஸ்எஸ்டியை அடையாளமே காணாது. ஐடிஇ ஒயர் வழியே போனால் எக்ஸ்பிக்கு எதுவும் மாறினதாகத் தெரியாது. பேஜ்மேக்கர், எழுத்துரு, பிரிண்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: ஓடும், அது இருந்த செக்டர்கள் படிக்கப்பட்டிருந்தால்.

பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒரே நேரத்தில் மாட்டி எக்ஸ்பியை ஆன் செய்யக்கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் எது சி, எது டி என்று குழம்பிவிடும்.

எஸ்எஸ்டியில் எக்ஸ்பி எழுந்த பிறகு செக்டிஸ்க் ஓட்டலாம். இப்போது கிழித்தால் கிழிக்கட்டும், வெளி டிஸ்க்கில் இமேஜ் இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். படிக்க முடியாமல் போன இடம் பிரதியில் வெறும் சைபர்களாக இருக்கும். ஃபைல் பெயர் இருக்கும், அளவும் சரியாக இருக்கும், திறந்தால்தான் தெரியும். மருமகன் ஆர்வமுள்ளவன் என்றால் ஒரு வித்தை சொல்கிறேன். இமேஜை இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு, டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையைக் கொண்டு, விட்டுப்போன இடங்களில் மட்டும் "இங்கே ஓட்டை" என்பது போல வேறெங்கும் வராத ஒரு சொல்லை எழுதச் சொல்லலாம். பிறகு அந்தச் சொல் எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடினால், அடிபட்ட பத்திரிகைகளின் பட்டியல் வந்துவிடும்.

இனி எழுத்துரு. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு மாறியது. உங்கள் பழைய பர்மி ஃபைல்கள் மாறவில்லை. அவற்றைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் வின் இன்வாவில் அடித்தது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், ஸோஜியில் அடித்தது மெய்யும் உயிரும் இடம் மாறித் தெரியும். தமிழ்ப் பகுதிக்கும் இதே கதிதான். ஃபைல் பிழைத்தும் எழுத்து பிழைக்காவிட்டால் என்ன பிரயோஜனம்? அதனால் எஸ்எஸ்டியில் எழுந்த முதல் நாளே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் முழுவதையும் தனியாக வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அடிக்கடி கேட்கப்படுகிற பத்திரிகை மாதிரிகளை எழுத்துருவோடு சேர்த்து பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். மாதிரியைத் திருத்த பேஜ்மேக்கர் வேண்டும்தான். ஆனால் "போன வருஷம் மூத்தவளுக்கு அடித்தீர்களே, அதே மாதிரி" என்று ஒருவர் வந்து நின்றால் காட்டுவதற்காவது கையில் இருக்கும்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அந்த மெஷினை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். வாடிக்கையாளர் கொண்டுவருகிற பென்டிரைவை மருமகனின் லேப்டாப்பில் சோதித்த பிறகே அதில் செருகுங்கள். பின்னால் போர்டே போய்விட்டால்கூட, அதே இமேஜ் ஃபைலை வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் வைத்து, புது லேப்டாப்பின் உள்ளேயே உங்கள் பழைய எக்ஸ்பியை எழுப்ப வழி இருக்கிறது. அதில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அப்போது எழுதுங்கள்.

எப்போது செய்வது என்றால், வா மாதங்கள், அதாவது பௌத்தர்களின் மழைக்கால விரத மாதங்கள், முடிவதற்குள். பர்மியரும் கல்யாணம் வைக்காத, நமக்கும் ஆடி வந்து போகிற அந்தக் காலத்தில்தான் உங்கள் மெஷினுக்கு ஓய்வு. அந்த மாதங்கள் முடிகிற தடின்ஜூட் பண்டிகை விளக்கு அணைந்த மறுநாளே பத்திரிகை அடிக்கக் கூட்டம் வந்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதுவரை வருகிற நோட்டீஸ் வேலைகளை, லாபம் குறைந்தாலும், தெரிந்த வேறு அச்சகத்தில் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மெஷினை ஒருமுறைகூட அதற்காக ஆன் செய்யவேண்டாம்.

முதல் ஓட்டம் முடிந்ததும் திரையில் எவ்வளவு மீண்டது, எத்தனை இடம் விட்டுப்போனது என்று ஒரு கணக்கு நிற்கும். மருமகன் அதை போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பட்டும். விட்டுப்போனது சில எம்பிதான் என்றால் மூன்று தடவை முயற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜிபி கணக்கில் இருந்தால் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படிக்கிற ஓட்டம் ஒன்று இருக்கிறது, அதை எப்படிக் கொடுப்பது என்று படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை சிவப்பு டேப் ஒட்டிய டிஸ்க்கை யார் வந்து "குடுங்கக்கா, ஒரு நிமிஷம் பார்த்துட்டுத் தரேன்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.